மூன்றாவது மணி

தாதர் மேற்கில் பிளாசா சினிமாவுக்கு எதிரே நிற்கிறது சிவாஜி மந்திர். 1965-ல் திறக்கப்பட்ட மராத்தி நாடக அரங்கு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு அந்த வாசலில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். பட்டுப்புடவை கட்டித் தலையில் மல்லிகை வைத்த மாமிகள், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறும் தாத்தாக்கள், கல்லூரிப் பெண்கள், பரேல் பக்கத்துப் பழைய மில் தொழிலாளிகள், வங்கி அதிகாரிகள் என்று எல்லோரும் கையில் டிக்கெட்டோடு காத்திருப்பார்கள். சினிமா நட்சத்திரத்தைப் பார்க்க வந்த கூட்டமல்ல இது. காசு கொடுத்து நாடகம் பார்க்க வந்த கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் தமிழ்க் குரல் கேட்பது அபூர்வம். மாட்டுங்காவிலிருந்து தாதருக்கு ஒரே ஒரு ஸ்டேஷன், சயானிலிருந்து இரண்டு. தூரத்தைக் குறை சொல்ல வழியில்லை. சங்கீதத்துக்கும் சினிமாவுக்கும் மும்பைத் தமிழர் சோம்பியவர்களும் அல்லர். கச்சேரி என்றால் ஷண்முகானந்தாவை நிரப்புவார்கள். ரஜினி படம் வந்த நாளில் விடிவதற்கு முன்பே அரோரா தியேட்டர் வாசலில் நின்றவர்கள் அவர்கள். நாடகம் என்றால் மட்டும் ஒரு தயக்கம். தமிழ் நாடகம் என்றால் "இப்போதெல்லாம் யார் போடுகிறார்கள்?" என்பார்கள், மராத்தி நாடகம் என்றால் "நமக்கு அவ்வளவு பாஷை வராதே" என்பார்கள். இரண்டும் முழு உண்மை அல்ல. இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே ஒரு பெரிய இன்பம் கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது.

நாடகத்தின் சுகம் திரை தூக்குவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மராத்திப் பத்திரிகைகளில் நாடக விளம்பரத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் நாடகத்தின் பெயர், அரங்கு, நேரம். தாதரில் சிவாஜி மந்திர், மாட்டுங்கா மேற்கில் யஷ்வந்த் நாட்ய மந்திர், விலே பார்லேயில் தீனாநாத், முலுண்டில் காளிதாஸ், தானாவில் கட்கரி ரங்காயதன் என்று ஊரின் எந்த மூலையில் இருப்பவருக்கும் ஓர் அரங்கு கிடைக்கும். வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்து எந்த நாடகத்துக்குப் போவது என்று சண்டையிட்டு, கடைசியில் பாட்டி சொன்னதுக்கே போவார்கள். இந்தச் சண்டையும் டிக்கெட்டின் விலையில் சேர்ந்ததுதான்.

உள்ளே போனதும் முதல் மணி. சற்றுப் பொறுத்து இரண்டாவது மணி. பேச்சுச் சத்தம் தணிகிறது. கைபேசிகளை அணைத்துவிடும்படி ஒரு குரல் கேட்டுக்கொள்கிறது. மூன்றாவது மணி அடித்ததும் விளக்குகள் மங்குகின்றன. திரைக்குப் பின்னால் நடிகர்கள் நடராஜரை வணங்கிவிட்டு இடம் பிடித்திருப்பார்கள். தில்லைக் கூத்தன் இங்கே மராத்தி நாடகக்காரர்களின் குலதெய்வம் போல! பிறகு ஓர் அறிவிப்பு: அரங்க தேவதைக்கும் ரசிகப் பெருமக்களுக்கும் பணிவான வணக்கம் சொல்லி நாடகத்தை ஆரம்பிக்கிறோம் என்பது அதன் சாரம். தலைமுறை தலைமுறையாக வருகிற சம்பிரதாய வாசகம். கடவுளுக்கும் டிக்கெட் வாங்கியவருக்கும் ஒரே மூச்சில் வணக்கம்! தொலைக்காட்சிப் பெட்டி இதுவரை யாருக்கும் வணக்கம் சொன்னதில்லை. சொன்னாலும் அது எல்லோருக்கும் பொதுவாகச் சொன்ன வணக்கம். இது வந்திருக்கும் அந்த எழுநூறு எண்ணூறு பேருக்கு மட்டும் சொன்னது.

மேடையில் நடப்பது மறுபடி நடக்காது என்பதுதான் நாடகத்தின் ரகசியம். நேற்றும் அதே வசனம்தான், நாளையும் அதே வசனம்தான். ஆனால் இன்றைய கூட்டம் ஓர் இடத்தில் சற்று அதிகமாகச் சிரித்துவிட்டால், நடிகர் அடுத்த வசனத்தை நிறுத்தி, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அந்த அலை முழுவதும் ஓய்வதற்கு ஒரு நொடி முன்னால் பேச்சை எடுப்பார். அந்த நொடியை எந்த டைரக்டரும் எழுதிக் கொடுக்க முடியாது. முன் வரிசையில் யாராவது விடாமல் இருமினால் குரலை உயர்த்துவார். கதவு திறக்க வேண்டிய இடத்தில் திறக்காமல் மக்கர் செய்தால் அதற்கும் ஒரு வசனம் பிறக்கும். மறுநாள் வருகிறவர்களுக்கு அந்த வசனம் கிடைக்காது.

சினிமாவில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் காமிரா தீர்மானிக்கிறது. அழுகிற முகத்தைப் பெரிதாக்கிக் காட்டி "இப்போது அழு" என்கிறது. மேடையில் அந்த அதிகாரம் பார்ப்பவர் கையில். நடுவே அப்பாவும் மகனும் வாக்குவாதம் செய்துகொண்டிருக்க, மூலையில் காய் நறுக்கும் மருமகளின் கத்தி எந்த வார்த்தையில் நின்றது என்று ஒருவர் கவனிக்கலாம். பக்கத்து நாற்காலிக்காரர் அதைக் கவனித்திருக்க மாட்டார். இடைவேளையில் வடை தின்றுகொண்டே அதைச் சொன்னால் அவர் ஆச்சரியப்படுவார். (சிவாஜி மந்திரின் உருளைக்கிழங்கு வடைக்காகவே நாடகத்துக்கு வருகிறவர்கள் உண்டு என்று மராத்திக்காரர்களே கேலி செய்வார்கள். அந்த வடையைத் தின்றவர்கள் இதைக் கேலி என்று சொல்ல மாட்டார்கள்.)

நடிப்பின் உழைப்பு கண்ணெதிரே நடப்பதைப் பார்ப்பதும் ஓர் ஆனந்தம். ஆச்சார்ய அத்ரே எழுதிய 'தோ மீ நவ்ஹேச்' என்ற நாடகம் 1962-ல் மேடையேறியது. 'அது நான் அல்ல' என்று பொருள். ஊர் ஊராகப் பெயரையும் வேஷத்தையும் மாற்றிப் பெண்களை ஏமாற்றிக் கல்யாணம் செய்துகொண்ட ஒருவனின் மீது நடக்கும் நீதிமன்ற வழக்குதான் கதை. உண்மை வழக்கு ஒன்றை வைத்து எழுதியது. பிரபாகர் பண்ஷிகர் அதில் ஐந்து வேஷங்கள் கட்டினார். சுழலும் மேடை ஒரு சுற்றுத் திரும்புவதற்குள் உடையும் நடையும் குரலும் மாறியிருக்க வேண்டும். சினிமாவில் ஒரே நடிகர் ஒன்பது வேடத்தில் வந்தால் அது ஒப்பனைக்காரர், காமிராக்காரர், எடிட்டர் எல்லோரும் சேர்ந்து செய்த வேலை. அதற்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மேடையில் இருப்பதெல்லாம் சில விநாடிகள், ஒரு மனிதன். போனவன்தானா வந்திருக்கிறான் என்று கூட்டம் முழுவதும் சந்தேகத்தோடு சாய்ந்து பார்க்கும் அந்தக் கணத்துக்காகத்தான் அந்த நாடகம் ஆண்டுக்கணக்கில் ஓடியது.

1970 டிசம்பரில் 'நடசாம்ராட்' வந்தது. குசுமாக்ரஜ் என்ற புனைபெயரில் கவிதை எழுதிய வி. வா. சிர்வாட்கரின் நாடகம். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் கதையின் சாயல் கொண்டது. ஓய்வு பெற்ற மாபெரும் நடிகர் ஒருவர் தம் சொத்தையெல்லாம் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளைகள் வீட்டிலேயே பாரமாகி, மனைவியோடு தெருவுக்கு வருகிறார். முதலில் அந்த வேடத்தைக் கட்டியவர் டாக்டர் ஸ்ரீராம் லாகூ. காது, மூக்கு, தொண்டை அறுவை மருத்துவராக இருந்து, அந்தத் தொழிலை விட்டு மேடைக்கு வந்தவர். 2019-ல் அவர் மறைந்தபோது பத்திரிகைகள் சினிமாப் படங்களின் பட்டியலைக் கொடுத்தன. அவரை மேடையில் கண்ட வயதானவர்களோ 'நடசாம்ராட்' ஒன்றைத்தான் பேசினார்கள்.

தமிழருக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல. சிவாஜி கணேசன் மேடையில் நடித்து, அதே 1970-ல் திரைப்படமாகவும் வந்த 'வியட்நாம் வீடு' நினைவுக்கு வரும். சுந்தரம் எழுதிய அந்த நாடகத்தின் பிரெஸ்டீஜ் பத்மநாப ஐயரும் ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டில் மதிப்பு இறங்கியவர்தான். இந்த மாதிரிக் கதையை வீட்டில் தொலைக்காட்சியில் பார்க்கும்போது ஒரு வசதி உண்டு. வயதான தகப்பனார் திரையில் அவமானப்படும் கட்டத்தில் மகன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடலாம். மருமகள் அடுப்பைக் கவனிக்கலாம். பெரியவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்ளலாம். அரங்கில் அது முடியாது. ஒரே வரிசையில், தோளோடு தோள் உரச, இருட்டில் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் அந்த நடிகர் தமக்கு ஒரு கூரை கிடைக்குமா என்று கேட்கும்போது மூன்று பேரும் ஒரே சமயத்தில் கேட்கிறார்கள். ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியும். வீட்டில் வாய்விட்டுப் பேச முடியாத ஒன்று அங்கே பேசப்பட்டு விடுகிறது, யாரும் யாரையும் குற்றம் சாட்டாமலே. குடும்பத்தோடு நாடகத்துக்குப் போவது பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

சிரிப்பும் அப்படித்தான். கங்காராம் கவாண்கர் எழுதி மச்சிந்திர காம்ப்ளி நடித்த 'வஸ்த்ரஹரண்', கொங்கணக் கடற்கரையின் மால்வணிப் பேச்சு வழக்கில் அமைந்த நாடகம். கிராமத்துக் கூட்டம் ஒன்று திரௌபதி வஸ்திராபகரணம் போட முயன்று படும் பாடுதான் விஷயம். பட்டணத்து மராத்திக்காரர்களுக்கே பாதி வார்த்தை புரியாத வழக்கு அது. அப்படியும் ஐயாயிரம் காட்சிகளுக்கு மேல் ஓடியது. லண்டனுக்கும் போய் வந்தது. பாஷை புரியாது என்று தயங்கும் தமிழர்கள் இந்த ஒன்றை மட்டும் யோசித்துப் பார்க்கலாம். திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துக் கோயில் கொடையிலோ திருவிழாவிலோ விடிய விடிய நாடகம் பார்த்தவர்களுக்கு, வேஷக்காரர் வராமல் ராஜபார்ட்டுக்கும் ஆர்மோனியக்காரருக்கும் தகராறு வந்த கதை எதற்கு மொழிபெயர்ப்பு?

பாஷை ஒரு தடையா?

தமிழ் நாடகத் தந்தை என்று போற்றப்படும் பம்மல் சம்பந்த முதலியார் இளமையில் நாடகம் என்றாலே முகம் சுளித்தவர். அன்றைய சென்னையில் நாடகக்காரர்களுக்கு மரியாதை இருக்கவில்லை. 1891-ல் பல்லாரி கிருஷ்ணமாசார்லு தம் குழுவோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டார். அதைப் பார்த்த பம்மலின் மனம் திரும்பியது. அந்த ஆண்டே சில நண்பர்களோடு சுகுண விலாச சபையை ஆரம்பித்தார். கற்றவர்கள் மேடையேறத் தொடங்கியது அதன் பிறகுதான். தமிழ் மேடையின் ஒரு பெரிய திருப்பம், ஒரு தமிழர் இன்னொரு பாஷைக்காரரின் நாடகத்துக்குப் போய் உட்கார்ந்த ஒரு மாலையில் ஏற்பட்டது.

மராத்திக்கும் தமிழ் மண்ணுக்கும் இருக்கும் நாடகத் தொடர்பு அதைவிடப் பழையது. மராத்தி நாடகத்தின் பிறந்தநாளாக இங்கே கொண்டாடுவது நவம்பர் 5. விஷ்ணுதாஸ் பாவே சாங்கிலி மன்னர் அவையில் 'சீதா சுயம்வர'த்தை 1843-ல் அரங்கேற்றிய நாள் அது. ஆனால் அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1684 முதல் 1712 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சாகஜி மராத்தியிலும் தெலுங்கிலும் நாடகங்கள் எழுதினார். தஞ்சை சரஸ்வதி மகாலில் அந்த மன்னர்களின் நாடகச் சுவடிகள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. சாகஜி எழுதிய 'பஞ்சபாஷா விலாசம்' வேடிக்கையான நாடகம். கண்ணனை விரும்பும் இளவரசிகள் அவரவர் பாஷையில் பேசுகிறார்கள். தமிழும் மராத்தியும் அந்த ஐந்தில் உண்டு. காவிரிக் கரையில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரே மேடையில் நின்ற இரண்டு பாஷைகள், தாதருக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் உள்ள ஒரு ஸ்டேஷன் தூரத்தைக் கடக்க முடியாமல் நிற்பது விசித்திரம்தான்.

உண்மையில் மும்பைத் தமிழருக்கு மராத்தி தெரியாது என்பதும் சரியல்ல. காய்கறிக்காரியிடம் பேரம் பேசத் தெரிகிறது. கணபதி பண்டிகைக்கு அண்டை வீட்டில் ஆரத்தி பாடத் தெரிகிறது. பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கிறார்கள். தெரியாதது அந்த மொழியின் விசேஷ உடை மட்டும். அதன் அன்றாட உடை பழகியதுதான். 1966-க்குப் பின் வந்த ஆண்டுகளில் தென்னிந்தியர்களுக்கு எதிரான கோஷங்களைக் கேட்டு, கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்த தலைமுறை ஒன்று உண்டு. அவர்களுக்கு அந்த மொழி மிரட்டலின் குரலாகவும், அரசாங்கப் படிவத்தின் குரலாகவுமே பல காலம் ஒலித்திருக்கலாம். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அதே மொழியில் பு. ல. தேஷ்பாண்டே ஒரு சால் கட்டடத்தின் குடித்தனக்காரர்களை, ஒற்றை ஆளாக மேடையில் நின்று, ஒவ்வொருவராக உயிரோடு கொண்டுவந்து நிறுத்தினார் என்பதும் உண்மை. பொதுக் குழாயும் பொது வராந்தாவும் பக்கத்து வீட்டு வம்பும் தாராவித் தமிழருக்கோ, பழைய மாட்டுங்காத் தமிழருக்கோ புதிதா என்ன?

இலவச பாஸ் நோய்

இனி, தமிழ் நாடகத்தை "யார் போடுகிறார்கள்" என்ற கேள்விக்கு வரலாம். ஒரு காலத்தில் மும்பைக்குத் தமிழ் நாடகக் குழுக்கள் வந்த வண்ணம் இருந்தன. ஒய்.ஜி.பி., சோ, காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் என்று நாடக ரசிகர்கள் பெயர்களை அடுக்குவார்கள். தாதர் எக்ஸ்பிரஸில் பெட்டியும் படுதாவுமாக வந்து இறங்கி, ரசிகர்கள் வீடுகளில் சாப்பிட்டு, இரண்டு மூன்று சபாக்களில் நாடகம் போட்டுவிட்டுத் திரும்புவார்கள் குழுவினர். பிறகு அது மெலிந்தது. ரயில் கட்டணமும் ஹால் வாடகையும் ஏறியதைக் காரணம் சொல்வார்கள். தொலைக்காட்சியைச் சொல்வார்கள். அவையெல்லாம் மராத்தி நாடகத்துக்கும் நேர்ந்தவைதான்.

வித்தியாசம் டிக்கெட் ஜன்னலில் இருக்கிறது. மராத்தி நாடகம் ஒவ்வொரு காட்சிக்கும் தனித்தனியாக டிக்கெட் விற்று வாழ்கிறது. நாடகம் பிடிக்கவில்லை என்றால் மூன்றாவது ஞாயிறே கூட்டம் கரைந்துவிடும். அதைத் தயாரிப்பாளர் அன்றைக்கே தெரிந்துகொள்வார். தமிழ் சபா நாடகம் உறுப்பினர் சந்தாவையும் நன்கொடை விளம்பரத்தையும் நம்பி நடந்தது. உறுப்பினர் பணம் முன்பே கட்டிவிட்டார். நாடகம் நன்றாக இருந்தாலும் சுமாராக இருந்தாலும் அவர் நாற்காலி அவருக்கு உண்டு. அவரைச் சுற்றி இலவச பாஸ்காரர்கள். பாஸ் கிடைத்தால் போவது, கிடைக்காவிட்டால் "என்னை மறந்துவிட்டார்கள்" என்று கோபித்துக்கொள்வது என்பது ஒரு நோயாகவே வளர்ந்தது. காசு கொடுக்காதவன் திட்டவும் மாட்டான். எழுந்து போகவும் தயங்க மாட்டான். இரண்டும் நடிகனுக்குக் கெடுதல்.

அதன் பலன் மேடையில் தெரிந்தது. எண்பதுகளிலேயே விமர்சகர்கள் சபா நாடகங்களைத் துணுக்குத் தோரணம் என்று கேலி செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஒரு சோபா, ஒரு டெலிபோன், மேலே தொங்கும் மைக்குக்கு நேர் கீழே வந்து நின்று பேசும் மனிதர்கள். மைக்கை விட்டு இரண்டடி நகர்ந்தால் வசனம் கேட்காது என்பதால் கணவனும் மனைவியும் சண்டை போடுவதற்கும் அங்கே வந்து நிற்க வேண்டியிருந்தது. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' 1980-ல் அந்தச் சபாக்களின் நடுவிலேயே எழுந்து வந்தது. சோபாவைத் தூக்கி எறிந்துவிட்டு, கோவில்பட்டிச் சீமையின் தண்ணீரில்லாத கிராமம் ஒன்றை மேடைக்குக் கொண்டுவந்த நாடகம். அது வெற்றியும் பெற்றது. தமிழ் ரசிகர்களுக்கு நல்ல நாடகம் வேண்டாம் என்ற பேச்சுக்கு அதைவிட நல்ல பதில் தேவையில்லை. துணுக்கு மட்டமானது என்று சொல்வதற்கில்லை. கிரேஸி மோகனின் வார்த்தை விளையாட்டில் வயிறு வலிக்கச் சிரித்தவர்கள் இன்றும் அதை நன்றியோடு நினைக்கிறார்கள். சிரிப்பைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று மேடை முடிவு செய்ததில்தான் வில்லங்கம்.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். மும்பையில் தமிழ் நாடகம் என்றால் ஆறு மணி என்று அச்சடித்து ஏழு மணிக்கு ஆரம்பிப்பது வழக்கமாகிவிட்டது. இடைவேளையில் பொன்னாடை போர்த்தும் படலம். தலைவர், உபதலைவர், ஹால் கொடுத்தவர், சாப்பாடு கொடுத்தவர், அவருடைய மைத்துனர் என்று வரிசையாக மேடைக்கு வந்து ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசுவார்கள். கதாநாயகி உள்ளே அழுத முகத்தோடு காத்திருப்பாள். அரை மணி கழித்துத் திரை தூக்கும்போது அவள் ஏன் அழுதாள் என்பது கூட்டத்தில் பாதிப் பேருக்கு மறந்து போயிருக்கும். ஜுஹுவில் 1978-ல் சசி கபூரும் ஜென்னிபர் கபூரும் திறந்த பிருத்வி தியேட்டர் இருநூறு பேர் உட்காரும் சிறிய இடம். மூன்றாவது மணிக்குப் பிறகு வருகிறவர் யாராக இருந்தாலும் அங்கே உள்ளே விடுவதில்லை. அந்தக் கண்டிப்பைக் கண்டு யாரும் அங்கே போவதை நிறுத்தியதாகத் தெரியவில்லை.

மராத்தி மேடை குறையற்றது என்று சொன்னால் மராத்திக்காரர்களே சிரிப்பார்கள். அங்கும் கூச்சல் நகைச்சுவைகள் உண்டு. தொலைக்காட்சித் தொடரில் புகழ் பெற்ற முகம் ஒன்றைப் போட்டுக் கதையை ஒப்பேற்றும் தந்திரம் உண்டு. நகராட்சி அரங்குகளின் கழிப்பறைகளைப் பற்றி நடிகர்களே பல முறை பகிரங்கமாகப் புலம்பியிருக்கிறார்கள். 1972-ல் வந்த விஜய் டெண்டுல்கரின் 'காசிராம் கோத்வால்', வரிசையாக நின்ற மனிதர்களையே திரையாக்கி, பாட்டும் ஆட்டமுமாகப் பேஷ்வா காலத்து அதிகாரத்தைத் தோலுரித்தபோது அதற்கு எழுந்த எதிர்ப்பும் சாமானியமல்ல. கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய அரங்குகள், நடுவில் சில மாதம் திறந்து மறுபடி மூடி, 2021 அக்டோபர் 22-ல்தான், அதுவும் பாதி நாற்காலிகளோடு, மீண்டும் திறந்தன. மூடியிருந்த மாதங்களில் திரை இழுப்பவரும் விளக்குப் போடுபவரும் கூலியின்றி இருந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் கூட்டம் திரும்பி வந்தது. கைபேசியில் பதிவு செய்த நாடகங்களை அந்த மாதங்களில் பார்த்துச் சலித்தவர்கள்தான் முதலில் வந்தார்கள்.

நடிகர் பிரசாந்த் தாம்லே 2022 நவம்பரில் தம்முடைய 12,500-வது காட்சியை நடித்தார். ஒரு மனிதர், பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு முறை மூன்றாவது மணி கேட்டுத் திரைக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அந்தக் காட்சி நடந்த இடம் ஷண்முகானந்தா. தென்னிந்தியர்கள் தங்கள் சங்கீதத்துக்காக 1963-ல் கட்டி எழுப்பி, 1990-ல் தீயில் இழந்து, 1998-ல் மீண்டும் திறந்த அதே மண்டபம். மராத்தி ரசிகர்கள் சயானுக்கு வந்து அதை நிறைத்தார்கள். அவர்கள் வந்த தூரமும், மாட்டுங்காக்காரர் தாதருக்குப் போக வேண்டிய தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மும்பையின் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால், மாதம் ஒரு முறை ஐம்பது டிக்கெட்டை மொத்தமாக வாங்கி, உறுப்பினர்களுக்கு விலைக்கே கொடுக்கலாம், இலவசமாக அல்ல. கதைச் சுருக்கத்தை ஒரு பக்கம் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் பாஷை பயம் முதல் அங்கத்தோடு தீர்ந்துவிடும். அப்படிப் பார்த்துப் பழகியவர்களில் நான்கு இளைஞர்கள் "இதைத் தமிழில் நாமே போட்டால் என்ன?" என்று கேட்கும் நாள் வரும். பம்மலுக்கு வந்தது அந்த யோசனைதானே? அப்படி அவர்கள் போடும்போது முதல் காட்சிக்கே டிக்கெட் விற்க வேண்டும். அப்பாவாக இருந்தாலும், சங்கத் தலைவராக இருந்தாலும் ஜன்னலில் காசு கொடுத்துத்தான் உள்ளே வரவேண்டும். டிக்கெட் ஓரிரு நூறு ரூபாயாக இருக்கட்டும், பரவாயில்லை. பால கந்தர்வர் 1911-ல் 'மானாபமான்' அரங்கேறிய நாளில் தம் குழந்தை இறந்த செய்தி வந்த பிறகும் நாடகத்தை நிறுத்தவில்லை என்று மராத்தி மேடையில் சொல்லிச் சொல்லி நெகிழ்வார்கள். அந்த அளவுக்கு யாரும் போக வேண்டாம். டிக்கெட் வாங்கியவர்கள் வந்து காத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் ஒரு நடிகனை எவ்வளவு தூரம் கட்டிப்போடும் என்பதற்கு அது சாட்சி.

சிவாஜி மந்திரில் நாலு மணிக் காட்சி விட ஆறரை ஏழு ஆகும். கூட்டம் படியிறங்கித் தாதர் ஸ்டேஷன் பக்கம் நடக்கிறது. சினிமா விட்டு வரும் கூட்டத்தைப் போல இது கலைந்துவிடாது. அடுத்த தெருவரையிலும் வாதம் செய்துகொண்டே போகும். மகன் செய்தது நியாயமா, அந்தப் பெண் கடைசியில் வீட்டைவிட்டுப் போயிருக்க வேண்டுமா, இரண்டாம் அங்கத்தில் கைதவறி விழுந்த பாத்திரம் நிஜமாகவே விழுந்ததா, நடிப்பா என்று. அந்தக் கூட்டத்தில் ஒரு தமிழ்க் குடும்பமும் நடந்துகொண்டிருந்தால், லோக்கல் ரயிலில் ஏறியதும் பெண் குழந்தை, கடைசிக் காட்சியில் அந்தத் தாத்தா சொன்ன ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்கும். அப்பாவுக்குத் தெரியாது. எதிரே கம்பியைப் பிடித்து நிற்கும் மராத்திப் பெரியவர் கையிலும் அதே நாடகத்தின் கிழித்த டிக்கெட் இருக்கும். மாட்டுங்கா வருவதற்குள் அவர் சொல்லி முடித்துவிடுவார்.